உப்பில்லாத பாதித் தட்டு

சிறுநீரகம் செயலிழந்து என் கணவர் டயாலிசிஸுக்குப் போகத் தொடங்கியதிலிருந்து நானும் உப்பில்லாமல்தான் சாப்பிட்டேன். அவர் மட்டும் தனியாகச் சப்பென்று சாப்பிட வேண்டாமே என்றுதான்.

இன்று அவருடைய ஸ்கேனைப் பார்த்த டாக்டர், "இதயம் வீங்கியிருக்கும்மா. கிட்னி போனவங்களுக்கு உப்பு நேரா இதயத்தைத்தான் அடிக்கும். சமையல்ல குறைக்கலையா?" என்று என்னைக் கேட்டார். உப்பே போடுவதில்லை என்றேன்.

வெளியே வந்ததும், கூட வந்திருந்த நாத்தனார் என் கையைப் பிடித்தாள். "கோவிச்சுக்காதீங்க அண்ணி. அண்ணன் தினமும் எங்க வீட்ல ஒரு பிடி பிடிச்சிட்டுத்தான் வருவாரு. உங்ககிட்ட மூச்சு விடக் கூடாதுன்னாரு."

நான் அவரைப் பார்த்தேன்.

"உன்னை உப்பில்லாம சாப்பிடச் சொன்னேனா?" என்றார்.

சொல்லவில்லைதான். ஆனால் ஒவ்வொரு இரவும், பசியில்லை என்று தன் பாதித் தட்டை என் பக்கம் தள்ளினார். நோய்தான் பசியைக் கொன்றுவிட்டதென்று நம்பி, அதையும் நான் சாப்பிட்டேன்.