கிராணியாரின் வான்கோழி

கிராணியார் மாணிக்கவாசகம் என் வாசலில் வந்து இறங்கியபோது மலாயாவுக்குச் சுதந்திரம் கிடைத்து ஆறு வாரம் ஆகியிருந்தது. மலாக்காவில் எங்கள் காஜா பேராங் தெருக் கடைகளில் கட்டிய கொடிகள் மழையில் நனைந்து சாயம் போய்த் தொங்கிக்கொண்டிருந்தன. சைக்கிள் ரிக்‌ஷா மிதிக்கும் பெச்சாக்காரன் ஒரு பக்கம் பிடிக்க, அவர் ஒரு பக்கம் பிடிக்க, கொழுத்த வான்கோழி ஒன்றை இறக்கி என் முற்றத்தில் வைத்தார்கள். வைத்ததும் அது அப்படியே உட்கார்ந்துவிட்டது.

"ஏம்மா, கோழிக்கு வைத்தியம் பாக்குற அஞ்சலை நீதானா?" என்று கேட்டார்.

அவருக்கு என்னைத் தெரியவில்லை. ஒன்பது வருஷமாக நான் ஒரு நாள் தவறாமல் சபித்த மனுஷனுக்கு என் முகம் ஞாபகம் இல்லை, பேரும் ஞாபகம் இல்லை.

அப்போது அலோர் காஜா பக்கத்து ரப்பர் தோட்டத்தில், எனக்கு ஒதுக்கிய மர வரிசையான ஆறாம் நம்பர் நிரையில், நான் பால் வெட்டினேன். அவர் அங்கே கணக்கும் ஆள் பதிவும் பார்க்கும் கிராணி. விடியுமுன் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடும் பெரட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். ஒரு நாள் பாராங் கத்தி நழுவி என் வலது காலைக் கிழித்தது. தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் போகக் கிராணி சீட்டு எழுதித் தர வேண்டும். போய்க் கேட்டேன். "நடிக்காத. நிரைக்குப் போ. நாளைக்குப் பாக்கலாம்" என்றார். மறுநாளும் அதே பதில். நூறு பேர் முன்னால் வேலைக்கள்ளி என்று பட்டம் வேறு. பத்து நாள் சீழ் வடிய வடியப் பால் வெட்டினேன். பதினோராவது நாள் பெரட்டிலேயே மயங்கி விழுந்தேன். ஆஸ்பத்திரியில் மருந்து போடும் டிரெஸ்ஸர் என் இரண்டு கால்விரல்களை வெட்டி எடுத்தார். பிறகு பரிதாபப்பட்டு, புண் கழுவிக் கட்டும் வேலையை அங்கேயே எனக்குக் கொடுத்தார். தோட்டத்தை விட்டு வந்தபின் அந்தக் கைப்பழக்கத்தை வைத்துத்தான் இப்போது இந்த வட்டாரத்துக் கோழிகளுக்கு வைத்தியம் பார்க்கிறேன். தமிழ் மறந்துபோன மலாக்காச் செட்டிகள் இருக்கும் கம்போங் செட்டியிலிருந்துகூட மலாயில் விசாரித்துக்கொண்டு வருவார்கள்.

"துரை சீமைக்குக் கப்பல் ஏறுறப்ப எனக்குக் குடுத்துட்டுப் போனது" என்று கிராணியார் பெருமையாகச் சொன்னார். "மாட்டு டாக்டர் கறிக்குத்தான் ஆகும்னு சொல்லிட்டாரு. நீதான் எப்படியாவது காப்பாத்தணும்."

காலைத் திருப்பிப் பார்த்தேன். உள்ளங்கால் வீங்கி, நடுவில் கறுப்பாகப் பொருக்கு கட்டியிருந்தது. நிற்க முடியாமல் நெஞ்சை ஊன்றியே கிடந்ததில் நெஞ்சுத் தோலும் உரிந்து நீர் கோத்திருந்தது.

"என்ன தீனி போடுறீங்க?"

"ரொட்டியும் வெண்ணெயும். சாயந்தரம் நெய்ச்சோறு. துரை வீட்டுப் பறவை ஆச்சே, மண்ணுல விடலாமா? சிமெண்டுத் தரை போட்டு தினமும் பினாயில் ஊத்திக் கழுவுறேன்."

துரை வீட்டிலிருந்து வந்தது என்பதற்காக அதை ஒரு குட்டித் துரையாகவே ஆக்கி வைத்திருந்தார். அந்தக் கனத்தை வெறும் சிமெண்டில் தாங்கித் தாங்கித்தான் கால் புண்ணாகிப் போயிருந்தது. எனக்கு எல்லாம் புரிந்தது. எழுந்து கையைத் துடைத்துக்கொண்டேன்.

"நடிக்குது, ஐயா" என்றேன். "சோம்பேறி. நடக்க விடுங்க. நாளைக்குக் காலையில ஆறு மணிக்குக் கொண்டாங்க, பாக்கலாம்."

அவர் அதையும் நம்பிக்கொண்டு போனார். மறுநாள் வந்தார். அதையே சொல்லித் திருப்பி அனுப்பினேன். அவரையும் பதினோரு நாள் அலைய விடுவது என்று மனதுக்குள் கணக்கு வைத்திருந்தேன். அந்த இரண்டு நாளும் எனக்குச் சோறு ருசித்தது. பொய் சொல்ல மாட்டேன்.

மூன்றாம் நாள் என் முற்றத்தில் இறக்கியதும் வான்கோழி எழுந்து நிற்கப் பார்த்தது. புண்பட்ட காலை மடக்கி வயிற்றோடு சேர்த்து வைத்துக்கொண்டு, ஒற்றைக் காலில் ஆடி, பக்கத்தில் இருந்த என் முழங்காலில் சாய்ந்தது. பெரட்டில் நானும் அப்படித்தான் பக்கத்துப் பெண்ணின் தோளில் சாய்ந்து நின்றேன். அந்த இடத்தில் எனக்கு என் மீதே கோபம் வந்தது. நான் பழிவாங்க நினைத்தது கிராணியை. நோவை அனுபவிப்பது இந்த வாயில்லா ஜீவன். இப்படியே போனால் அவருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

"இப்படி உக்காருங்க. அது அசையாமப் புடிங்க" என்றேன்.

வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் அரைமணி நேரம் காலை ஊற வைத்தேன். வெந்நீரில் கொதிக்க வைத்த பிளேடால் பொருக்கைக் கீறி எடுத்தேன். உள்ளே சீழ் இறுகிச் சோள மணி அளவில் மஞ்சளாக இருந்தது. அந்த ஆணியை வேரோடு எடுக்காமல் மேலே மருந்து போட்டு மூடினால் புண் உள்ளுக்குள்ளேயே ஓடி ஆளைத் தின்றுவிடும். இடுக்கியால் மெல்ல இழுத்தேன். பறவை துடித்தது.

"மெதுவாம்மா, மெதுவா" என்றார் கிராணியார். கண் கலங்கியிருந்தது. "அதுக்கு வலிக்கும்."

என் கை நின்றுவிட்டது. "வலிக்கும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பாத்தாலே தெரியுதே. கால் எப்படி வீங்கியிருக்கு பாரு."

நான் பல்லைக் கடித்துக்கொண்டு ஆணியை முழுசாக எடுத்தேன். குழியைக் கழுவி, மஞ்சள் மருந்து விட்டு, சல்பா தூள் தூவி, பஞ்சு வைத்துக் கட்டினேன். நெஞ்சுக் கொப்புளத்தையும் வடித்து மருந்து போட்டேன். ரொட்டி, வெண்ணெய், நெய் எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னேன். கங்கோங் கீரையும் கொஞ்சம் தவிடும் போதும். காய்ந்த லாலான் புல்லைக் கனமாகப் பரப்பி அதன் மேல்தான் விட வேண்டும். புல்லைத் தினமும் அவர் கையாலேயே மாற்ற வேண்டும். கட்டு மாற்ற ஒவ்வொரு நாளும் காலை ஆறு மணிக்கு என் முற்றத்தில் நிற்க வேண்டும்.

நின்றார். பெச்சா கிடைக்காத நாளில் அந்தக் கனத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தெரு முழுக்கப் பார்க்க நடந்தே வந்தார். ஒரு நாள் கால்மணி நேரம் தாமதம். "இன்னைக்கு அரைப் பேர்தான், ஐயா" என்று சொல்லிவிட்டு, மற்றவர்களின் கோழிகளை எல்லாம் பார்த்து முடிக்கும்வரை காக்க வைத்தேன். தாமதமாக வந்தவர்களுக்கு அரை நாள் கூலி போடும் தோட்டத்துப் பேச்சு என் வாயில் எப்படி வந்தது என்று அவர் ஒரு நிமிஷம் என்னையே பார்த்தார். பிறகு வான்கோழியின் காலைப் பார்க்கக் குனிந்துகொண்டார்.

ஐந்து வாரத்தில் புண் மூடியது. உடம்பு வற்றி, வான்கோழி வாலை விரித்துக்கொண்டு என் முற்றத்தைச் சுற்றி நடந்தது. கிராணியார் சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார்.

"உனக்கு நான் என்ன செய்யணும், சொல்லும்மா."

"ஒரு சீட்டு எழுதிக் குடுங்க."

அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். "யாருக்கு?"

"தோட்டத்து டிரெஸ்ஸருக்கு. பால் வெட்டுற அஞ்சலைக்குக் கால்ல காயம், உடனே பாக்கவும்னு எழுதுங்க."

விளையாட்டு என்று நினைத்திருப்பார். முழங்காலில் காகிதத்தை வைத்து எழுதினார். "தேதி என்ன போட?"

"நவம்பர் ஒம்பது. நாப்பத்தெட்டு."

பேனா நின்றது. நான் கேன்வாஸ் சப்பாத்தைக் கழற்றிக் காலை அவர் முன்னால் நீட்டினேன். ஐந்து வாரம் அவர் தலை குனிந்து உட்கார்ந்திருந்த இடம் அதுதான். ஆனாலும் வான்கோழியின் காலைத் தவிர வேறு கால் அவர் கண்ணில் பட்டதில்லை. இப்போது பார்த்தார்.

"ஆறாம் நம்பர் நிரை" என்றார் மெதுவாக.

"ஆமா, ஐயா. அந்த வேலைக்கள்ளிதான். தேதியப் போடுங்க."

போட்டார். கையெழுத்தும் போட்டார். சீட்டை என்னிடம் நீட்டிவிட்டு, "தப்புதான், அஞ்சலை. என்னை மன்னிச்சிரு" என்றார்.

ஒன்பது வருஷம் நான் காத்துக் கிடந்த வார்த்தை. காதுக்கு இனிப்பாகத்தான் இருந்தது. ஆனால் போதவில்லை. சீட்டை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டேன்.

"நடிக்காதீங்க, ஐயா" என்றேன். "நாளைக்குப் பெரட்டுக்கு வாங்க. பாக்கலாம்."

மறுநாள் ஆறு மணிக்கு வந்து நின்றார். வான்கோழி அவருக்குப் பின்னால் தானே நடந்து வந்தது. மன்னிச்சிரு என்றார். நாளைக்கு என்றேன். அதற்கடுத்த நாளும் வந்தார்.

இன்றைக்கு ஐந்தாவது நாள். இன்னும் ஆறு இருக்கிறது. பதினோராவது நாளாவது மன்னிப்பாயா என்று பக்கத்து வீட்டுப் பூங்காவனம் கேட்கிறாள். அது என் விரல்கள் போன நாள். அன்றைக்கும் அவர் வரட்டும், பார்க்கலாம்.