தோள் வைத்த திருகாணி

தைஸ்தோ கார்ப்பினென் அடக்கமான அன்று மதியம் அவனுடைய சிவப்புச் சங்கிலி ரம்பம் தானாகவே ஓடத் தொடங்கியது. அப்போது சமையலறையில் நான்கு பேர் இருந்தார்கள். அடுப்போர முக்காலியில் மனைவி இர்யா, கையில் காப்பிக் கெட்டிலோடு. ஜன்னலோர பெஞ்சில் பக்கத்துப் பண்ணைக்காரன் கலெர்வோ, தொப்பியை முழங்கால்மேல் வைத்துக்கொண்டு. ஆடுநாற்காலியில் தைஸ்தோவின் அக்கா சைமி. மேசையின் தலைப்பக்கம், தைஸ்தோவின் நாற்காலியில், போதகர். அது அவன் நாற்காலி என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. கொட்டகையிலிருந்து சத்தம் வந்ததும் சைமி ஆடுவதை நிறுத்தினாள்.

"இன்னிக்குன்னு பாத்து எவன் மரம் அறுக்கிறான்?"

"எவனும் அறுக்கல. நம்ம தைஸ்தோவோட சிவப்பு. அதோட தொண்டை எனக்குத் தெரியும்," என்றான் கலெர்வோ. போதகர் இன்னொரு துண்டு ரொட்டி எடுத்துக்கொண்டார்.

மரம் வெட்டியே பிழைத்த அந்தப் பின்லாந்து ஊரில் ஓய்ந்துபோன சங்கிலி ரம்பங்களை வாங்கி, பிரித்து, கரி சுரண்டி, மறுபடி ஓடவைத்துச் சுவரில் மாட்டுவது தைஸ்தோவின் வேலை. எந்த ரம்பத்துக்கும் அதனுடன் பிறந்த திருகாணியைத்தான் போடுவான். கிடைக்கும்வரை ஓட்டையைக் காலியாக விட்டுவிடுவான். சிவப்பு ரம்பம் நார்வேயில் ஒரு சிறு பட்டறையில் செய்தது. பட்டறை மூடி வெகுகாலம். அதில் நிறுத்தும் சுவிட்சைப் பிடித்திருக்கும் திருகாணி மட்டும் இல்லை. பித்தளையில், தலைக்குக் கீழே சின்னதாக ஒரு தோள் வைத்தது. அதன் மரை வேறெந்த நாட்டு மரையோடும் சேராதது. "கிடைக்கும், கிடைக்கும்" என்று சொல்லிக்கொண்டே தைஸ்தோ போய்ச் சேர்ந்தான். அன்று கலெர்வோ கொட்டகைக்குப் போய்ப் பெட்ரோல் தொட்டியைத் திறந்து பார்த்தான், காய்ந்து கிடந்தது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டான்; ரம்பம் ஓடியது. "சுவிட்சுக்குத் திருகாணியே இல்லாதது எப்படி நிக்கும்?" என்றான். அது சரிதான் என்று ஊரார் ஒப்புக்கொண்டார்கள்.

அன்றிரவு இர்யா தூங்கவில்லை. அதற்குப் பிறகும் தூங்கவில்லை. ரம்பத்தை ஆட்டுத்தோலில் சுற்றினாள், தோல் கருகியது. பனியில் புதைத்தாள், அந்த இடத்தில் பனி வட்டமாக உருகி, ஜனவரியில் புல் முளைத்து, முயல்கள் வந்து மேய்ந்தன. கலெர்வோ அதைச் சறுக்குவண்டியில் ஏற்றிக்கொண்டுபோய் உறைந்த ஏரியில் துளை போட்டு உள்ளே இறக்கினான். அது தண்ணீருக்கடியிலும் ஓடியது. சின்ன வெள்ளி மீன்கள் எல்லாம் மறுகரைக்குப் போய்விட்டன. மீன்காரர்கள் ரம்பத்தைக் கொக்கி போட்டு எடுத்து, நீர் சொட்டச் சொட்ட இர்யாவின் வாசலில் வைத்துவிட்டு, வணக்கம் சொல்லிவிட்டுப் போனார்கள். அவள் கடையில் வரிசையில் நின்றபடி கண்ணயர்ந்தாள், சவுனா நீராவி அறையின் மேல்படியில் கண்ணயர்ந்து தோளைச் சுட்டுக்கொண்டாள், ஒருமுறை அடுப்பின் முன் கண்ணயர்ந்து சட்டைக்கையில் தீப்பிடித்தது. நகரத்தில் இருந்த மகள் வீட்டை விற்றுவிட்டு வரச்சொன்னாள். வாங்க வந்தவர்கள் கொட்டகைப் பக்கம் ஒரு நிமிடம் காது கொடுத்துக் கேட்டுவிட்டு காரைத் திருப்பினார்கள். மகளுக்கு எழுதிய ஒவ்வொரு கடிதத்தின் முடிவிலும் இர்யா ஒரே வார்த்தையைத்தான் எழுதினாள்: சமாளிக்கிறேன்.

வசந்தத்தில் கலெர்வோ தன் பால் கறக்கும் இயந்திரத்திலிருந்து ஒரு திருகாணியைக் கழற்றிக்கொண்டு வந்தான். கிட்டத்தட்டச் சேரும்போல இருந்தது. இரண்டு சுற்று வழவழவென்று உள்ளே போனது. அங்கே நிறுத்தியிருக்கலாம். ஆனால் திருப்புளி கையில் இருக்கும்போது அந்த ஊர் ஆண்களால் இன்னும் ஒரு சுற்று போடாமல் இருக்க முடியாது. ரம்பத்தின் உடம்பு மெத்தென்ற உலோகம். மரை துருவலாக உதிர்ந்தது. ரம்பம் திருகாணியைத் துப்பிவிட்டு முன்பைவிட ஒரு சுதி மேலே ஏறிக் கத்தியது.

"ஒன்னை யாரு இன்னொரு சுத்து சுத்தச் சொன்னது?" என்றாள் இர்யா.

"இறுக்கமா இருக்கட்டுமேன்னுதான்..."

"ஒன் கல்யாணத்தையும் இப்படித்தான் இறுக்கின. அவ ஸ்வீடனுக்கே போயிட்டா."

கலெர்வோ தொப்பியைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனான். ரம்பத்தின் ஓட்டைக்குள் இப்போது ஒற்றை வரி மரைதான் மிச்சம். பொருத்தமான திருகாணி மட்டும்தான் அதைப் பிடிக்கும்.

எப்படியும் விழித்திருக்கிறோமே என்று இர்யா எழுத உட்கார்ந்தாள். நார்வே, ஸ்வீடன், பின்லாந்து என்று பழைய ரம்பம் வைத்திருந்த ஆட்களின் முகவரி எங்கே கிடைத்தாலும் பள்ளியில் படித்த ஸ்வீடிஷில் எழுதினாள். வருடங்கள் போயின. தீப்பெட்டிகளில் திருகாணிகள் வந்தன. தோள் இல்லாதவை, தோள் பெருத்தவை, ஒரு பெட்டியில் தங்கப் பல். சேராதவற்றை ஜாம் பாட்டில்களில் போட்டு ஜன்னல் விளிம்பில் வைத்தாள். ஐந்தாம் வருட இலையுதிர்காலத்தில், நார்வேயின் ஒரு பள்ளத்தாக்கிலிருந்து தோர்கெய்ர் என்பவன் அனுப்பிய தீப்பெட்டி வந்தது. 'என்னிடமும் இதே ரம்பம் இருக்கிறது, முப்பது வருடமாகச் சுவரில் சும்மா தொங்குகிறது, அதிலிருந்து கழற்றினேன்' என்று எழுதியிருந்தான். கலெர்வோவைக் கைகட்டிக்கொண்டு நிற்கச் சொல்லிவிட்டு, இர்யா அதை விரலாலேயே திருகினாள். தோள் போய் உட்கார்ந்ததும் விட்டுவிட்டாள். சுவிட்சைத் தட்டினாள். ரம்பம் நின்றது. அவளுக்குத் தன் மூச்சு கேட்டது. உள்ளே போய், செருப்பைக்கூடக் கழற்றாமல் படுத்தவள் மூன்று நாள் கழித்து எழுந்தாள். அதுவரை மாடுகளைக் கலெர்வோ பார்த்துக்கொண்டான்.

முதல் பனி விழுந்த வாரம் தோர்கெய்ரின் இரண்டாவது கடிதம் வந்தது. 'உங்கள் ரம்பம் நின்றதில் சந்தோஷம். என்னுடையது ஓட ஆரம்பித்திருக்கிறது. என் மனைவி ஊனிக்கு உடம்பு சரியில்லை, எலி நடந்தாலும் விழித்துக்கொள்வாள். பரவாயில்லை, சமாளிக்கிறோம்.' கடைசி வார்த்தையை இர்யா இரண்டு தடவை படித்தாள்.

தொழிற்பள்ளியின் கடைசல் பட்டறையில் கலெர்வோ அந்தத் திருகாணியைப் பார்த்து அச்சு அசலாக மூன்று செய்து வாங்கி வந்தான். ரம்பம் மூன்றையும் துப்பியது. சைமி வந்து ஆடுநாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அவன் திருப்பிக் கேக்கவே இல்லியேடி."

"கேட்டிருந்தா இல்லன்னு சொல்லியிருப்பேன். கேக்கலியே."

"இப்பதான் மூஞ்சில மனுசக் களை வந்திருக்கு. மறுபடியும் பேய் மாதிரி திரியப் போறியா?"

"அரை வருசம் திரியறேன். அரை வருசம் தூங்கறேன். ஊர்ல பொலிகாளையை ரெண்டு வீடு வச்சுக்கலியா?"

திருகாணி பனிக்காலத்தில் தோர்கெய்ர் வீட்டில், கோடையில் இர்யா வீட்டில் என்று முடிவானது. விரலால் மட்டும் திருகவும், உட்கார்ந்ததும் விட்டுவிடவும், இன்னும் ஒரு சுற்று வேண்டவே வேண்டாம் என்று முதல் கடிதத்தில் அடிக்கோடிட்டு எழுதினாள். அதன்பிறகு திருகாணி போவதும் வருவதுமாக இருந்தது. தபால்காரி ரைலி தீப்பெட்டி உறையைத் தொட்டுப் பார்த்தே பருவம் சொல்வாள். கோடையில் இர்யாவுக்குக் கன்னம் உப்பும், பனிக்காலத்தில் ஒட்டும். மகள் வீட்டை விற்கச் சொல்வதை விட்டுவிட்டுக் கோடைகளில் மட்டும் வந்து தங்கினாள்.

சென்ற செப்டம்பரில் தோர்கெய்ர் தன் முறை வராமலே எழுதினான். ஊனி போய்ச் சேர்ந்துவிட்டாள். இனி இந்த வீட்டில் தூக்கம் கெட ஆள் இல்லை, திருகாணியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றிருந்தது. இர்யா அந்தக் கடிதத்தை ஜாம் பாட்டில்களுக்கு நடுவே செருகிவைத்தாள். அக்டோபர் முடிவில், வழக்கமான நாளில், கொட்டகைக்குப் போய்த் திருகாணியைக் கழற்றினாள். ரம்பம் இருமிவிட்டு ஓடத் தொடங்கியது. அந்தச் சத்தத்திலேயே மேசையில் உட்கார்ந்து, 'உங்கள் முறை' என்று மட்டும் எழுதி, தீப்பெட்டியோடு உறையில் போட்டு, நாக்கால் நனைத்து ஒட்டினாள். ரைலியின் மஞ்சள் கார் பாதை முனையில் நின்றது.

"ஆரம்பிச்சிடுச்சா?"

"ஆரம்பிச்சிடுச்சு. காப்பி இருக்கு."

"வர்றப்ப குடிக்கிறேன்," என்று உறையை வாங்கிப் பக்கத்து இருக்கையில் போட்டுக்கொண்டு ரைலி நார்வே போகும் தபாலோடு கிளம்பினாள்.