கறுப்பு ரப்பர் மூக்கு

அபிங்டன் தொழிற்சாலையில் கட்டி முடித்த கார்களைத் தெருவில் ஓட்டிச் சோதிப்பது கிளிஃப் ஹனிபோனின் வேலை. இருபது வருஷமாக ஒரே காரைத்தான் ஓட்டினார் என்றுகூடச் சொல்லலாம். கார்தான் அவர் கைக்குள்ளேயே மாறிக்கொண்டு வந்தது.

முதலில் வந்த ஸ்பிரைட் என்ற சின்னத் திறந்த காருக்கு விளக்குகள் இரண்டும் பானட்டின் மேல் தவளைக் கண்போலத் துருத்திக்கொண்டிருந்தன. டிக்கிக்கு மூடி கிடையாது. பெட்டி வைக்க வேண்டுமென்றால் சீட்டைச் சாய்த்து, தலையை உள்ளே விட்டுத் துழாவ வேண்டும். கதவுக்கு வெளியே கைப்பிடியும் இல்லை. அவர் மனைவி மேவிஸ் மழைக்கோட்டு இல்லாமல் அதில் ஏற மாட்டாள். கிளிஃபுக்கோ அதுதான் உயிர்.

பிறகு கண்களை இறக்கி முகத்தைத் தட்டையாக்கி, டிக்கிக்கு மூடியும் போட்டார்கள். "போச்சு, மளிகைக்கடை வேன் ஆக்கிட்டானுங்க" என்றார் கிளிஃப். ஏற்றி இறக்கும் கண்ணாடியும் கதவுக்குக் கைப்பிடியும் வந்தபோது, "இனிமே ஜன்னலுக்குத் திரை தைக்க வேண்டியதுதான் பாக்கி" என்று புலம்பினார். மிட்ஜெட் என்று இன்னொரு பெயரிலும் அதே கார் வந்தது. கொஞ்ச நாள் போனதும் அதே மாதிரி ஒன்றைத் தானே வாங்கி, டிக்கியில் பீர்ப் புட்டிகளை அடுக்கிக்கொண்டு போனார். மேவிஸ் பார்த்துச் சிரித்துக்கொள்வாள்.

ரப்பர் பம்பர் வந்தபோதுதான் அவர் மனசு நிஜமாகவே விட்டுப்போனது. அமெரிக்கக்காரன் போட்ட மோதல் பாதுகாப்புச் சட்டத்துக்காகப் பளபளக்கும் குரோம் பம்பரைக் கழற்றி எறிந்துவிட்டு, முன்னும் பின்னும் கறுப்பு ரப்பர். வண்டியையும் சற்றுத் தூக்கிவிட்டார்கள். வளைவில் திருப்பினால் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அந்தக் கோபத்தை அவர் கொட்டியதெல்லாம் பம்பர் பொருத்தும் நோரிஸ் டப்பின் தலையில்.

"வாய்யா, மழைச்செருப்பு மாட்டுறவனே!" என்று கான்டீனில் எல்லார் முன்னாலும் கூப்பிடுவார்.

"வரைஞ்சது நான் இல்லப்பா. மாட்டச் சொன்னாங்க, ஒழுங்கா மாட்டுறேன்" என்பார் நோரிஸ். தட்டைத் தூக்கிக்கொண்டு வேறு மேசைக்குப் போய்விடுவார்.

கடைசியில் கிளிஃபின் மகள் ரோவெனாவே அப்படி ஒன்றை, ஆரஞ்சு நிறத்தில், வாங்கிக்கொண்டு வந்து நின்றாள்.

"மூஞ்சியப் பாரு, உதடு வீங்கின மாதிரி!"

"உங்க கண்ணுக்கு எதுதான்பா நல்லாயிருந்துச்சு? ஓட்டப் போறது நான்தானே."

எழுபத்தேழாம் வருஷம் டிசம்பரில் ஒரு சனிக்கிழமை ரோவெனா போர்ஸ் ஹில் சரிவில் இறங்கி வந்தாள். அப்போது அவளுக்கு ஆறு மாதம். தார்மேல் கண்ணுக்குத் தெரியாமல் படிந்திருந்த பனியில் கார் வழுக்கி, ஒரு வீட்டு வாசலின் கல்தூணில் நேராகப் போய் முட்டியது.

அந்த வீட்டிலிருந்து தொலைபேசி வந்தது. கிளிஃப் எப்படிப் போய்ச் சேர்ந்தார் என்று அவருக்கே தெரியாது. ரோவெனா அவர்கள் சமையலறையில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணும் இல்லப்பா. டாக்டர் பாத்துட்டார். உதைக்குது, கையக் குடுங்க."

மகளின் வயிற்றில் கை வைத்தார். உள்ளேயிருந்து ஒரு உதை. அதற்குமேல் அங்கே நிற்க முடியாமல் வெளியே வந்தார். கல்தூண் சாய்ந்து கிடந்தது. ரப்பர் மூக்கு ஒரு பக்கம் அமுங்கியிருந்தது. அதற்குப் பின்னால் பானட்டில் ஒரு சுருக்கம் இல்லை. பழைய குரோம் பம்பர்கள் எப்படி மடங்கும் என்பதை அவர் நிறையப் பார்த்தவர். பனியில் மண்டியிட்டு, அந்தக் கறுப்பு ரப்பரைக் கையால் தடவிக்கொண்டு வெகுநேரம் இருந்தார்.

திங்கட்கிழமை கான்டீனில் நேராக நோரிஸின் மேசைக்குப் போய் நடந்ததைச் சொன்னார். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"உன் கையால மாட்டினதுதான்யா எம் பொண்ணக் காப்பாத்துச்சு."

நோரிஸ் ரொட்டியை மென்று விழுங்கினார். "நான்தான் மாட்டினேனோ என்னமோ. மூணு பேர் இருக்கோம் அங்க."

"அப்போ மூணு பேருக்கும்தான் சொல்றேன். ரொம்ப நன்றிய்யா. நான் பேசினதெல்லாம் மனசுல வெச்சுக்காதே."

"மழைச்செருப்புன்னு சொன்னியே, அதையுமா?"

"நன்றி சொல்ல வந்தவன இப்படியா வாருவ? நகரு, உக்காரணும்."

நோரிஸ் நகர்ந்து இடம் கொடுத்தார். அன்றிலிருந்து இருவரும் ஒரே மேசையில்தான் சாப்பிட்டார்கள்.

மார்ச்சில் பெண் குழந்தை பிறந்தது. பார்க்க வந்த நோரிஸிடம் கிளிஃப் பிள்ளையை நீட்டினார்.

"ஐயோ, வேண்டாம்ப்பா. எனக்குப் பழக்கமில்ல."

"பழகிக்கோ, பிடி."

நோரிஸ் வாங்கிக்கொண்டார். பிள்ளை அவர் கையிலேயே தூங்கிப்போனது. எழுப்பிவிடுவோமோ என்று பயந்து, மேவிஸ் வைத்த தேநீரைக்கூடத் தொடாமல், அவர் அப்படியே அசையாமல் உட்கார்ந்திருந்தார்.