எல்லாத் தடைகளையும் நீக்கிய அன்று

கணவனின் அடிக்குப் பயந்து ஊர் மாறி ஓடிவந்த தங்கை, அக்கா வீட்டில் ஒளிந்திருக்கத் தொடங்கி ஏழு வாரமாகியிருந்தது. அக்கா ஒரு பல் மருத்துவமனையில் கணினிகளைப் பார்த்துக்கொள்பவள். தங்கை வந்த அன்றே வீட்டு மடிக்கணினியின் பிரவுசரை இறுக்கிவிட்டாள். எந்தத் தளத்தாலும் பின்தொடர முடியாது, இருக்கும் இடத்தைக் கேட்டால் பதில் போகாது.

"இனிமே எந்தக் கொம்பனாலயும் உன்னைக் கண்டுபிடிக்க முடியாது" என்றாள்.

தங்கை மருந்தாளர். புது ஊரில் வேலைக்குச் சேர உரிமத்தை மாற்றிப் பதிய வேண்டும். அன்று கடைசி நாள். நான்கு பக்க விண்ணப்பத்தை மடிக்கணினியில் நிரப்பி அனுப்பினால் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. மூன்றாவது முறை எல்லாம் அழிந்து முதல் பக்கமே வந்து நின்றது. அக்கா போனை எடுக்கவில்லை. தங்கைக்குப் பொறுமை போய்விட்டது. அமைப்புகளைத் திறந்து அக்கா போட்டிருந்த எல்லாத் தடைகளையும் ஒரேயடியாக நீக்கினாள். கண்மூடித் திறப்பதற்குள் விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது.

அந்தச் சந்தோஷத்தில், வேலைக்கு வெள்ளைக் கோட்டு பார்க்கலாம் என்று ஒரு கடைத் தளத்துக்குள் போனாள். கைப்பழக்கத்தில் பழைய கணக்கிலேயே நுழைந்தாள். அது கணவனும் சேர்ந்து பயன்படுத்தும் கணக்கு என்பது நினைவுக்கே வரவில்லை. இடத்தை அறியலாமா என்று ஒரு பெட்டி கேட்டது. விரல் தானாகச் சம்மதித்தது.

மறுநாள் கோட்டை வாங்கத் திறந்தாள். கணக்கின் விருப்பப் பட்டியலில், கோட்டுக்குக் கீழே, அவள் சேர்க்காத ஒரு பொருள் இருந்தது. குடை. கீழே ஒரு குறிப்பு: "அங்க நல்ல மழையாமே. நனைஞ்சிடாத."

அக்கா வீடு திரும்பியபோது தங்கை சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள்.

"ஏன்டி இப்படி வெளுத்துப் போயிருக்க?"

"அவனுக்குத் தெரிஞ்சுபோச்சுக்கா."

அக்கா திரையைப் பார்த்தாள். பக்கத்தின் உச்சியில், டெலிவரி இடமாக, அவர்கள் பகுதியின் பெயர் பளிச்சென்று இருந்தது.

"எல்லாத்தையுமா தொறந்துவிட்ட?"

"ஃபார்ம் போகவே மாட்டேங்குதே! நான் என்னதான் பண்றது?"

அக்கா போனை எடுத்துத் திரையைப் படம் பிடித்தாள். பிறகு சொன்னாள்: "அந்த ஒரு தளத்துக்கு மட்டும் தளர்த்திவிட்டிருக்கலாம். ஒரே ஒரு பட்டன். நான் அதை உனக்குக் காட்டிக்கொடுக்கவே இல்ல. பூட்ட மட்டும்தான் தெரிஞ்சிருக்கு எனக்கு."

அரை மணி நேரத்தில் பையைக் கட்டிக்கொண்டு, அக்காவுடன் வேலை செய்யும் நர்ஸின் வீட்டுக்குக் கிளம்பினார்கள். வழியில் காவல் நிலையத்தில் அந்தத் திரையின் படத்தோடு புகார் கொடுத்தார்கள். அதிகாரி அவனைப் போனில் அழைத்து எச்சரித்தார். அப்படியும் மூன்றாம் நாள் அவன் வந்தான். அக்கா வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, மருந்துக் கடை மருந்துக் கடையாகத் தங்கையின் படத்தைக் காட்டி விசாரித்துக்கொண்டிருந்தபோது போலீஸார் பிடித்தார்கள்.

அதைக் கேட்ட தங்கை அன்று முழுக்கத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

உரிமம் பத்து நாளில் வந்தது. தங்கை அதை அக்காவிடம் நீட்டினாள். அக்கா வாங்கி, பதிவு எண் வரை சத்தமாக வாசித்தாள்.