சிவப்பு நூல் கட்டிய இடம்

துணி மாட்டியது.

டீசலில் நனைத்த பழைய வேட்டித் துணியை ஏணி வண்டியின் வலது பக்க இரும்பு ரோப்பில் சுற்றிப் பிடித்து, மெதுவாக இழுத்துக்கொண்டே வந்தேன். கப்பியிலிருந்து பத்து முழம் தள்ளி ஓர் இடத்தில் கை நின்றுவிட்டது. எடுத்துப் பார்த்தால் துணியிலிருந்து ஓர் இழை பிரிந்து ரோப்பிலேயே தொங்கியது. திரும்ப வைத்து இழுத்தேன். அதே இடம். மூன்றாவது தடவையும் அதே இடம். ரோப் என்பது மெல்லிய கம்பிகளை முறுக்கிச் செய்தது. அதில் ஒரு கம்பி அறுந்தால் நுனி மீன் முள் மாதிரி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். பழைய கிரீசும் தூசியும் மூடியிருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் எல்லாவற்றையும் வழித்துத் துடைத்த பிறகே புது கிரீஸ் வைக்க வேண்டும். துணி மாட்டினால் வண்டியை நிறுத்திவிட வேண்டும். ஓசூரில் இந்த வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே தெரிந்துகொண்டது. மறக்கிற விசயம் இல்லை.

நான் மறக்கவும் இல்லை. கூட்டித் துடைக்க வைத்திருந்த வேஸ்ட் நூலிலிருந்து சிவப்பாக ஓர் இழையை உருவி, மாட்டிய இடத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டேன். பிறகு அந்த இடத்தைப் பார்க்காமல் மிச்ச ரோப்பைத் துடைத்து முடித்தேன்.

அன்று ஆயுத பூசைக்கு முதல் நாள். கோட்டையூரைத் தாண்டி இருக்கிறது எங்கள் கம்பெனி. ஸ்பிரிட் டேங்குகள் இருப்பதால் சொந்தமாக ஒரு தீயணைப்பு ஏணி வண்டி வைத்திருக்கிறார்கள். ஏதோ ஒரு குளிர் நாட்டில் ஓடி ஓய்ந்து கப்பலில் தூத்துக்குடிக்கு வந்த வண்டி. லிவர்களுக்குப் பக்கத்தில் இன்னும் அந்த நாட்டு எழுத்துத்தான். ஒன்றுக்குள் ஒன்று அடங்கிய மூன்று அடுக்கு ஏணி. நுனியில் ஆள் நிற்க ஒரு கூண்டு. லிவரைத் தள்ளினால் என் காலடியில் இருக்கும் உருளை சுற்றும். ரோப் என் தலைக்குப் பக்கத்தில் உள்ள கப்பி வழியாக இறங்கி உருளையில் சுற்றிக்கொள்ள, ஏணி மேலே நீளும். மாதம் ஒருமுறை பாதி நீட்டி மடக்குவோம். நான் வந்த பதினோரு மாதத்தில் ஒரு தரம்கூட உண்மையான ஆபத்துக்கு அதைத் தூக்கியது இல்லை.

எனக்கு விஜயதசமி அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு பஸ். நாலு நாள் லீவு. தர்மபுரி போய், அங்கிருந்து பென்னாகரம் பஸ் பிடித்து, அதற்கு மேல் நடக்க வேண்டும். நான் கிளம்பியபோது மகள் அபிக்கு ஒன்றரை வயது. போன மாதம் என் மனைவி தீபலட்சுமி போனை அவள் முகத்துக்கு நேராகப் பிடித்து, யாரு சொல்லு, யாரு சொல்லு என்று கேட்டாள். பிள்ளை என்னை நன்றாகப் பார்த்துவிட்டு "மாமா" என்றது. தீபலட்சுமி சிரித்துவிட்டு போனைத் திருப்பிக்கொண்டாள். அதற்குப் பிறகு கோட்டையூர் அறையில் நான் சுவரைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன். ரோப் பழுது என்று எழுதினால் புது ரோப் சென்னையிலிருந்து வர வேண்டும். வந்தால் மாட்ட நான் இருக்க வேண்டும். ஏணி மெக்கானிக் நான் ஒருத்தன்தான். லீவு போய்விடும். அடுத்தது பொங்கலுக்குத்தான்.

எழுதாமல் விட வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. அதைச் சொல்லிவிட வேண்டும். கையைக் கழுவிக்கொண்டு மெயின்டனன்ஸ் புத்தகத்தைத் தேடி ஆபீசுக்குப் போனேன். மேசையில் புத்தகம் இல்லை. பாதுகாப்பு ஆபீசர் கார்த்திகேய சிவம் அதை அதற்குள் பூசை அறைக்குக் கொண்டுபோயிருந்தார். சரஸ்வதி படத்துக்கு முன்னால் மற்றக் கணக்குப் புத்தகங்களோடு அடுக்கி, மேல் அட்டையில் சந்தனமும் குங்குமமும் வைத்து, பேனாவையும் அதன்மேல் வைத்திருந்தார். பூசையில் வைத்த புத்தகத்தை எடுக்கக் கூடாது. எங்கள் ஊரிலும் அப்படித்தான். வாசலில் நின்று அதையே பார்த்தேன். மனசுக்குள் ஏதோ ஒன்று இறங்கி உட்கார்ந்த மாதிரி இருந்தது. நிம்மதி என்றுதான் அதற்குப் பெயர். விஜயதசமி அன்று புத்தகத்தை எடுத்ததும் எழுதிக்கொள்ளலாம் என்று திரும்பிவிட்டேன்.

பூமிநாதனுக்கு போன் பண்ணியிருக்கலாம். வண்டி டிரைவர் அவர். மேலே போக வேண்டி வந்தால் கூண்டில் ஏறுகிற ஆளும் அவர்தான். அன்று அவர் மனைவி நாச்சியாரோடு நாட்டரசன்கோட்டை கோயிலுக்குப் போயிருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் நாச்சியார் அக்கா எனக்கும் சேர்த்துக் குழம்பு கொடுத்தனுப்பும். நான் சாப்பிட்டுவிட்டுத் தூக்குவாளியைக் கழுவித் தந்தால், கழுவாமல் கொடுங்க, வெறுந்தூக்கு வீட்டுக்கு வரக்கூடாது என்று பூமிநாதன் கோபிப்பார். அதனால் அதில் இரண்டு வாழைப்பழமாவது போட்டுக் கொடுப்பேன். அந்த ஊரில் எனக்கு இருந்த கொடுக்கல் வாங்கல் அவ்வளவுதான். போனை எடுத்தேன். கோயிலில் இருப்பார், நல்ல நாளும் அதுவுமாக எதற்கு என்று பையில் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் நான் வண்டி நிற்கும் செட்டுக்கு வந்தபோது ஏணி முழுக்க வெள்ளி நிறத்தில் பளபளத்தது. பெயின்டர் பெத்தன் கையில் பிரஷோடு நின்றுகொண்டிருந்தான். கம்பெனியின் தண்ணீர் டேங்குக்கு அடிக்க வந்தவன். ஏணியின் பக்கச் சட்டங்கள், படிகள், கூண்டு என்று வரிசையாக அடித்து, ரோப்புக்கும் அடித்திருந்தான். இரண்டு ரோப்பும் வெள்ளிக் கொடி மாதிரி இருந்தன. அதன்மேல் சாணுக்கு ஒரு சந்தனப் பொட்டு. முன்பக்கம் வாழைக்கன்று கட்டி, டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்திருந்தார்கள்.

பூமிநாதன் சட்டை மாற்றி விபூதியோடு வந்து நின்று பார்த்தார். அவருக்கு ஒரு கண்ணில் புரை. இடுக்கிக்கொண்டுதான் பார்ப்பார்.

"எந்த மகராசன்யா ரோப்புக்குப் பெயிண்ட் அடிச்சது? வண்டிக்குக் காது குத்தப் போறீகளா?"

"ஆபீசர்தாண்ணே ஏணிக்கு அடிக்கச் சொன்னாக," என்றான் பெத்தன். "பெயிண்ட் மிச்சம் இருந்துச்சு, அதுலயும் ஒரு ஓட்டு ஓட்டிவிட்டேன். பாருங்க, கல்யாணப் பொண்ணாட்டம் இருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். பூமிநாதன் மட்டும் சிரிப்பு முடிவதற்கு முன்னால் என் பக்கம் திரும்பினார். நான் என்ன ஊர் என்று தெரிந்த நாளிலிருந்து அவர் என்னை ஊர்ப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார்.

"தர்மபுரி, அடிக்கிறதுக்கு முன்னால தொடச்சுப் பாத்தீகள்ல?"

"பாத்தேண்ணே," என்றேன்.

அது பொய் இல்லை. பார்த்தேன்தான். பூசணிக்காய் உடைத்து, பொரியும் சுண்டலும் கொடுத்து எல்லோரும் கலைந்த பிறகு நான் மட்டும் ஏணிக்குப் போனேன். சிவப்பு நூல் எங்கே என்று தெரியவில்லை. பெயிண்ட் இன்னும் ஈரமாக இருந்தது. துணி வைத்து இழுத்தால் வழுக்கிக்கொண்டு போனது, எங்கேயும் மாட்டவில்லை. கட்டைவிரலால் தடவினேன். ஓர் இடத்தில் நூல் முடிச்சு மாதிரி ஒரு திரட்சி. இன்னோர் இடத்திலும் அதே மாதிரி, பெயிண்ட் உருண்டு நின்ற திரட்சி. விரல் முழுக்க வெள்ளி. இரண்டு பக்கமும் போய்ப் பார்த்துவிட்டு, எது என்று தெரியாமல் நின்றேன். சட்டைப் பையில் பஸ் டிக்கெட் இருந்தது. விரலைச் சட்டையில் துடைக்காமல் பார்த்துக்கொண்டேன்.

விஜயதசமி காலை பத்து மணிக்குப் புத்தகத்தை எடுத்தார்கள். நான் முன்னாலேயே போய் நின்றேன். இன்றைக்கு எழுதிவிட வேண்டும், எழுதிவிட்டு அப்புறம் லீவைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று இரவெல்லாம் சொல்லிக்கொண்டு வந்திருந்தேன். ஆபீசர் சூடம் காட்டி, புத்தகத்தைப் பிரித்து, பிள்ளையார் சுழி போட்டார். ஆண்டு முழுக்க நல்லபடி நடக்க வேண்டுமானால் இன்றைக்கு முதல் வரி நல்லதாக இருக்க வேண்டும் என்றார். அவரே எழுதினார். ஏணி சுத்தம் செய்து கிரீஸ் இடப்பட்டது, நல்ல நிலையில் உள்ளது. எழுதிவிட்டுப் பேனாவை என்னிடம் நீட்டினார். சுற்றி எல்லோரும் கையில் ஆளுக்கொரு லட்டோடு நின்றார்கள். அந்த வரிக்குக் கீழே, நல்ல நாளில், ரோப் பழுது என்று எப்படி எழுதுவது. மாதையன் என்று கையெழுத்துப் போட்டேன். எங்கள் பக்கத்துப் பேர் என்பதால் இங்கே அதை ஒரு மாதிரி பார்ப்பார்கள். ஆபீசரும் அப்படிப் பார்த்துவிட்டுப் புத்தகத்தை மூடினார்.

பத்தரை மணிக்குச் சைரன் அடித்தது.

தீ இல்லை. தண்ணீர் டேங்க். பெத்தனும் அவன் கூட்டாளி முருகப்பனும் காலையிலேயே மேலே ஏறியிருந்தார்கள். பெத்தன் ஊஞ்சல் பலகையில் உட்கார்ந்து டேங்கின் வெளிச்சுவருக்கு அடித்துக்கொண்டிருந்தபோது ஒரு பக்கக் கயிறு அவிழ்ந்து பலகை செங்குத்தாகத் தொங்கிவிட்டது. அவன் மற்றக் கயிற்றில் ஒரு கையைக் கோத்துக்கொண்டு, எழுபதடி உயரத்தில், டேங்கின் விளிம்புக்கு ஓர் ஆள் உயரம் கீழே தொங்கினான். மேலே முருகப்பன் குப்புறப் படுத்துக் கயிற்றைப் பிடித்திருந்தான். அவனால் பிடிக்க முடிந்தது, தூக்க முடியவில்லை. ஊர்த் தீயணைப்புக்குப் போன் பண்ணியாயிற்று, இருபது நிமிடம் ஆகும் என்று யாரோ சொன்னார்கள். பெத்தனின் கால்கள் சுவரைத் தேடித் தேடி வழுக்கின. காய்ந்தும் காயாத பெயிண்ட்.

வாழைக்கன்றோடுதான் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினோம். வண்டி சாயாமல் இருக்க ஊன்றுகால்களை இறக்கினேன். பூமிநாதன் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு கூண்டுக்குப் போகத் திரும்பியபோது நான் அவர் கையைப் பிடித்தேன்.

"என்ன?"

"வலது ரோப்ல கம்பி அறுந்துருக்குண்ணே. துணி மூணு தரம் மாட்டுச்சு."

"எப்ப?"

"பூசைக்கு முந்தின நாளு. சிவப்பு நூலு கட்டுனேன். அது மேல பெத்தன் பெயிண்ட அடிச்சிட்டான்."

"எத்தன கம்பி?"

"தெரிலண்ணே."

அவர் என்னைப் பார்த்தார். புரை விழுந்த கண்ணும் நல்ல கண்ணும் ஒரே மாதிரி இருந்தன.

"நேத்துக் கேட்டனே."

"லீவுண்ணே," என்றேன். அதைவிட வேறு ஒன்றும் இல்லை. "நான் ஏறுறேன். நீங்க லிவரப் புடிங்க."

அவர் மேலே பார்த்தார். பெத்தன் யாரையோ அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான். சத்தம் குறைந்துகொண்டே வந்தது.

"எனக்கு இருக்குற கண்ணுக்கு நூலு தெரியுமாய்யா?" என்றார். "நீதான் பாக்கணும். நூலு கப்பிக்குக் கிட்ட வந்தா கத்து. பைய ஏத்து, மாதையா."

பேர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. கூண்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஏணியைத் தூக்கி நிமிர்த்தினேன். பிறகு நீட்டுகிற லிவரைத் தள்ளினேன். உருளை சுற்ற ஆரம்பித்தது. காய்ந்த பெயிண்ட் கப்பியில் வளைய முடியாமல் வெடித்து, செதில் செதிலாக என் தலையிலும் கையிலும் கொட்டியது. நான் கண்ணை மூடவில்லை. கண்ணில் விழுந்ததையும் துடைக்கவில்லை. வலது ரோப் மேலிருந்து இறங்கி வந்துகொண்டே இருந்தது. சந்தனப் பொட்டு, வெள்ளி, மறுபடியும் பொட்டு. ஒரு திரட்சி வந்தது. நிறுத்தினேன். வெறும் பெயிண்ட் உருண்டை. கப்பியில் ஏறி நசுங்கி உதிர்ந்தது. மறுபடி தள்ளினேன். ஏணி பாதியைத் தாண்டியது. எந்த மாதமும் இதற்கு மேல் நீட்டியது இல்லை.

பத்து முழம். மனசுக்குள் அதையே அளந்துகொண்டிருந்தேன். அந்த இடம் கப்பியைத் தாண்டி உருளையில் நாலு சுற்றுச் சுற்றிக்கொண்டால் அதன்மேல் பாரம் இருக்காது. பிறகு பயமில்லை. ஆனால் தாண்ட வேண்டும். கப்பியில் வளைகிற நேரத்தில்தான் அறும். இடது ரோப் தாங்கலாம். தாங்காமலும் போகலாம். ஒரு கம்பியாகவும் இருக்கலாம், பத்துக் கம்பியாகவும் இருக்கலாம். நான் எண்ணிப் பார்க்கவில்லை. எத்தனை என்று தெரிந்தால் எழுத வேண்டியிருக்கும் என்றுதான் எண்ணவில்லை.

வந்தது. என் முகத்துக்கு நேரே, கப்பிக்கு ஒரு சாண் மேலே. அதிர்வில் வெள்ளி விரிசல் விட்டு, உள்ளேயிருந்து சிவப்பு இழை ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பக்கத்திலேயே இன்னும் சில, மயிர் மாதிரி, ஆனால் அவை நூல் இல்லை.

லிவரை விட்டேன். எல்லாம் நின்றது.

"அண்ணே, வந்துருச்சு."

அண்ணாந்தேன். கூண்டுக்கு வெளியே பூமிநாதனின் உடம்பு பாதி தெரிந்தது. கை நீட்டிக்கொண்டிருந்தார். அவர் கைக்கும் பெத்தனின் பாதத்துக்கும் நடுவே வானம் தெரிந்தது. ஆபீசர் என் பின்னால் நின்று ஏன் நிறுத்திட்டீங்க, ஏன் நிறுத்திட்டீங்க என்று கேட்டுக்கொண்டே இருந்தார். முருகப்பன் மேலே அழுதான்.

"மாதையா." சாதாரணமாகப் பேசுகிற குரல்தான். காற்று அதை அப்படியே இறக்கிக் கொண்டுவந்தது. "இன்னும் மூணடி."

என் முன்கையில் ரோமத்தோடு ஒட்டிக்கொண்டு வெள்ளிச் செதில்கள் வெயிலில் மின்னின. சட்டைப் பையில் டிக்கெட் வியர்வையில் நனைந்து நெஞ்சோடு ஒட்டியது. லிவரைப் பிடித்தேன். லிவர் துள்ளினால் உருளை குலுங்கும் என்பதால் இன்னொரு கையை அதன்மேல் வைத்து அழுத்திக்கொண்டேன். மெதுவாக, வேட்டித் துணியால் ரோப்பைத் துடைக்கிற அளவு மெதுவாகத் தள்ளினேன்.

சிவப்பு இழை காற்றில் ஒருமுறை நிமிர்ந்து ஆடியது. பிறகு கப்பியின் விளிம்பில் படிந்து, வளைய ஆரம்பித்தது.