கழித்தல் குறி

மூன்று மணிக்கு இருபது நிமிடம் இருக்கையில் கடைசி வரி ஓடி நின்றது. பதினொரு நாளாகக் கறுப்புத் திரையில் ஓடிய வெள்ளை எழுத்துகள் அடங்கியதும், உதயரூபனுக்கு அடைமழை சட்டென்று விட்டதுபோல் இருந்தது. சூடு இறங்கட்டும் என்று மடிக்கணினிக்கு அடியில் வைத்த இரண்டு செங்கற்களும் கொதித்தன.

உள்ளறையில் அவன் மனைவி சுலோஜனா நீலச் சேலை உடுத்து, எழுத்து அட்டைகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள். லண்டனில் இருக்கும் பிள்ளைகளுக்கு இணையத்தில் தமிழ் படிப்பிக்க ஆள் எடுக்கிறார்கள். மூன்று மணிக்குப் பரீட்சைப் பாடம், பதினைந்து நிமிடம். கைபேசியில் வருகிறவர்களைச் சேர்ப்பதில்லையாம். இது சரிவராவிட்டால் குவைத்துக்கு வீட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் பெண்ணிடம் அலுமாரியில் சேலைகளுக்கு அடியில் கிடக்கும் கடவுச்சீட்டைக் கொடுத்துவிடுவதாக அவள் சொல்லியிருந்தாள். சண்டை பிடித்துச் சொல்லவில்லை, உப்பு முடிந்துவிட்டது என்பதுபோலச் சொன்னாள்.

கிழட்டுக் கணினி அது. மற்றவர்கள் ஆயத்தமாகக் கட்டிவைத்த லினக்ஸ் இயங்குதளத்தை இறக்கிப் போட்டுக்கொள்வார்கள். இவன் எடுத்ததோ மூலநிரலாகவே வரும் வகை. ஒவ்வொரு மென்பொருளையும் அந்தந்தக் கணினியே தனக்கேற்றபடி கட்டிக்கொள்ள வேண்டும். அதற்குத்தான் பதினொரு நாள். வேண்டாதவற்றின் பெயருக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி போட்டால், அது இல்லாமலே கட்டும். பாரம் குறையும், கணினி பறக்கும்.

உதயரூபனோடு ஒன்றாக வேலை பார்த்த கடை மூடப்பட்டபின் காத்தான்குடியில் கைபேசி திருத்தும் ஸாஹிர், போன கிழமை வந்து பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"மச்சான், இடியப்பம் தின்ன ஆசப்பட்டவன் வட்டையில இறங்கி நெல்லு விதைக்கிறானாடா? தா, அர மணித்தியாலத்தில நான் ஒண்டு போட்டுத் தாறன்."

உதயரூபன் கொடுக்கவில்லை. எழுத்துகள் ஓடும்வரை அவனும் வேலையில் இருப்பவன். வாசலில் யாராவது வேலை கிடைத்ததா என்று கேட்டால் திரையைக் காட்டலாம். அது முடிந்துபோனால் எதைக் காட்டுவது?

கமெராவைச் சோதித்தான். படம் கண்ணாடிபோல விழுந்தது. "பாருங்க, பறக்குது" என்று அவளை இருத்தினான். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவன் பார்த்துக் கனகாலம்.

சரியாக மூன்றுக்கு லண்டன் பெண் திரையில் தோன்றினாள். பக்கத்தில் இரட்டைப் பின்னலோடு ஒரு சிறுமி. அந்தப் பெண்ணின் வாய் அசைந்தது. சுலோஜனா வணக்கம் சொன்னாள். அங்கே லண்டன் பெண் காதைத் தொட்டுக் கையை விரித்தாள்.

உதயரூபன் அமைப்புக் கோப்பைத் திறந்தான். மூன்றாம் நாள் தன் கையால் எழுதிய வரி. ஒலிக்கு முன்னால் கழித்தல் குறி. ஒலிபெருக்கியும் இல்லை, ஒலிவாங்கியும் இல்லை. பதினொரு நாள் இந்தப் பெட்டியிலிருந்து காற்றாடி இரைச்சலைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. அதை அவன் கவனிக்கவும் இல்லை.

"சத்தத்தையுமா வேணாமெண்டு போட்டீங்க?"

"இந்த வீட்டில ஆரு பாட்டுக் கேக்கிற எண்டு நினைச்சிற்றன்."

அவள் அவனையே பார்த்தாள். பிறகு திரையின் பக்கம் திரும்பி, 'அ' எழுதிய அட்டையை நெஞ்சுக்கு நேரே பிடித்து, வாயை அகலத் திறந்து சொன்னாள். சிறுமியும் வாயைத் திறந்தாள். 'ஆ' காட்டினாள். சிறுமி அதற்கும் திறந்தாள். லண்டன் பெண் மணிக்கூட்டைப் பார்த்து, இரக்கத்தோடு தலையசைத்தாள். திரை வெறுமையானது.

"இப்ப போட்டா எப்ப முடியும்?" சுலோஜனா கேட்டாள்.

"நாளைக்குப் பின்னேரமாகும்."

"ம்."

அவள் உள்ளே போனாள். அலுமாரிக் கதவு கிறீச்சிட்டது. சேலை மடிப்புகளுக்கு அடியில் கைவிட்டுத் தேடும் சரசரப்பு அவனுக்குத் தெளிவாகக் கேட்டது.

உதயரூபன் அந்தக் குறியை அழித்துவிட்டு விசையைத் தட்டினான். வெள்ளை எழுத்துகள் ஓடத் தொடங்கின. அவள் செங்கல்லில் சாத்திவிட்டுப் போன 'அ' அட்டை, காற்றாடி துப்பிய சுடுகாற்றில் படபடத்துக்கொண்டிருந்தது.