கை படாத வீடு

மலைமேல் வெள்ளக்கடையில் ஒரு வீடு எழும்பினால் ஊரே வந்து நிற்கும். ஒருவர் மண் மிதிப்பார், ஒருவர் மூங்கில் கட்டுவார், ஒன்றும் முடியாதவர் ஓரமாக நின்று குறை சொல்வார். அதுவும் வேலைதான். கை வைத்த எல்லோருக்கும் அன்று அங்கேயே சோறு. அதற்குப் பிறகு அந்த வீட்டில் நல்லது கெட்டது எதுவானாலும் கூப்பிடாமலே வந்து நிற்பார்கள்.

காளியாயி வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து எத்தனையோ வீட்டுச் சுவருக்கு மண் மிதித்தவள். போன ஐப்பசி மழையில் அவள் வீட்டு மண்சுவரே சரிந்து கல்மேடை மட்டும் மிஞ்சியது. புருஷன் பொன்னுவேல் வாட்ச்மேனாக இருந்த எஸ்டேட்டில் ஆபீஸ் அறையைப் பிரித்தார்கள். பிரித்த பலகைகளை முதலாளி அவனுக்கே கொடுத்துவிட்டார். இரண்டு இரும்புத் தகடுக்கு நடுவே கெட்டி நுரையை வைத்து ஒட்டிய பலகைகள். குளிர் அண்டாது, மழையில் கரையாது, ஒரு பலகையை இரண்டு பேர் சுளுவாகத் தூக்கலாம்.

அவற்றைப் பூட்டிக் கட்டப்போகிற வீட்டுக்கு ஊர் 'ஐஸ்பொட்டி ஊடு' என்று பேர் வைத்துச் சிரித்தது. காளியாயியும் சேர்ந்துதான் சிரித்தாள், ஊர்க்கவுண்டர் அம்மாசியை அழைக்கப் போகிறவரைக்கும்.

"நாலு பேரு போல்ட்டு முடுக்குனா முடிஞ்சுது. நாங்க எதுக்கு கண்ணு?" என்றார் அவர். "வேடிக்க பாக்க வாரோம். ஆனா கை வெக்காத ஊட்டுல கை நனைக்கறது நம்ம வழக்கமில்ல."

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை. அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். காளியாயிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. குளிருக்கு அடக்கமான வீடு கிடைக்கும், சரி. நாளைக்கு ஒரு காரியமென்றால் அதன் வாசலுக்கு யார் வருவார்கள்?

வேலை நாளன்று சேலத்திலிருந்து பலகை பூட்டுகிற பிட்டர் கோவிந்தராஜ் மூன்று ஆட்களோடு முதல் பஸ்ஸில் வந்து இறங்கினான். ஊர் சாப்பிடப் போவதில்லை என்று தெரிந்தும் காளியாயி பெரிய சட்டியில் சாமைச் சோற்றுக்கு உலை வைத்தாள். பாயசத்துக்கு வெல்லம் வாங்கிவரப் பொன்னுவேலை ஒண்டிக்கடை பஜாருக்கு விரட்டினாள். பிடிவாதத்துக்குக் குறைச்சலில்லை.

"வாசல ரோட்டப் பாத்து வெச்சரட்டுங்களாக்கா?" என்று கோவிந்தராஜ் கேட்டான்.

ரோடு மேற்கே. வெள்ளக்கடையில் எந்த வாசலும் கிழக்கைத் தவிர வேறு திசை பார்த்ததில்லை. வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தவள் மூடிக்கொண்டாள். ஒரு யோசனை வந்தது. அது புத்தியா, திமிரா என்று அவளுக்கே பிடிபடவில்லை.

"வெய்யிங்க. மேடையோட சேத்து முடுக்கறத மட்டும் கடைசியா வெச்சுக்குங்க" என்றாள்.

உச்சிக்கு முன்னால் வீடு நின்றுவிட்டது. ஊர் வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தது, சுவரைத் தட்டிப் பார்த்தது. வாசலை முதலில் கவனித்தவர் அம்மாசி.

"ஏங்கண்ணு, மேக்கால வாசலா? மூதேவி நேரா உள்ள வரட்டும்னா?"

"தப்பாப் போச்சுங்க மாமா. என்ன பண்றதுன்னே தெரியலீங்க" என்றாள் காளியாயி, முகத்தை முடிந்த அளவு பாவமாக வைத்துக்கொண்டு.

கோவிந்தராஜ் தலையைச் சொறிந்தான். "பிரிச்சுப் பூட்டுனா நாளைக்கு ஆயிருமுங்க. அப்பிடியே தூக்கித் திருப்பலாம். ஆனா நாலு பேருக்கு ஆகாது. சுத்தியும் ஒண்ணாத் தூக்கோணும். ஒரு பக்கம் தாந்தாலும் மூட்டு விட்டுப் போயிரும்."

"எத்தன பேரு வேணும்?"

"இருக்கற அத்தன பேருமுங்க."

அம்மாசி காளியாயியை நின்று நிதானமாகப் பார்த்தார். கிழவருக்கு விளங்கிவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது. அவர் முடியாது என்றால், நாளைக்குப் பிரித்துப் பூட்டினாலும் வீடு தனிதான்.

அவர் துண்டை உதறித் தலையில் கட்டினார். "புடிங்கடா" என்றார்.

ஆண்களும் பெண்களும் அடிச்சட்டத்தைப் பிடித்தார்கள். குறை சொல்ல வந்திருந்த அத்தாயிகூட முந்தானையைச் செருகிக்கொண்டு குனிந்தாள். சப்பரம் எழும்புவதுபோல வீடு எழுந்து, மேடையை விட்டு இறங்கி, களத்தில் மெல்லத் திரும்பியது. வெல்லத்தோடு வந்த பொன்னுவேல், தன் வீடு ஊரோடு நடந்து போவதைப் பார்த்துப் பையோடு அப்படியே நின்றுவிட்டான்.

"என்னடா வேடிக்க, வந்து புடி" என்று அத்தாயி அதட்டினாள்.

வாசல் கிழக்கே பார்க்க வீடு மறுபடி மேடையில் உட்கார்ந்தது. கோவிந்தராஜ் போல்ட்டுகளை முடுக்கினான். பந்தியில் முதலில் உட்கார்ந்தவர் அம்மாசி. யார் எந்தப் பக்கம் பிடித்தது, யார் பக்கம் தாழ்ந்தது என்று சாப்பிடும்போதே சண்டை வந்துவிட்டது. காளியாயிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கேட்டவருக்கும் கேட்காதவருக்கும் குழம்பை ஊற்றிக்கொண்டே போனாள்.

"இந்தா கண்ணு" என்று அம்மாசி அவளை நிறுத்தினார். "அந்தத் தெக்கு மூல நான் புடிச்சது. மழைக்கு ஒழுகுச்சுன்னா எனக்குத்தான் ஆளு உடோணும். சேலத்துக்காரனக் கூப்புட்டீன்னா எனக்குக் கெட்ட கோவம் வரும்."